கபடிக்காரருக்குக் கிரியேட்டின்: எதை வாங்குவது, எப்போது தொடங்குவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். வயது 19. கோபி பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், ஊர் அணியில் ரைடர், அதாவது பாடிப் போகிறவன். எடை 59 கிலோ 400 கிராம். 60 கிலோ பிரிவில் ஆடுகிறவன் என்பதால் தன் எடையைக் கிராம் வரைக்கும் சுத்தமாகச் சொல்வான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினான். திரையில் நாலு டப்பாப் படங்கள்.

"மாமா, இதுல எதுங்க வாங்கறது? டீம்ல மூணு பேரு போட்டுட்டு இருக்கறாங்க."

நாலும் கிரியேட்டின், வேகத்துக்கும் பலத்துக்கும் விளையாட்டுக்காரர்கள் எடுக்கிற துணை உணவு. ஒன்று வெறும் மோனோஹைட்ரேட் என்ற சாதாரணத் தூள், ஒன்று ஹைட்ரோகுளோரைடு என்ற இன்னொரு வகை, ஒன்று கலர் கலரான ஜெல்லி மிட்டாய், இன்னொன்று பயிற்சிக்கு முன் குடிக்கிற பிரீ ஒர்க்அவுட் கலவை. விலையில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஊர்ப் பையன்களுக்குக் கபடியும் வாலிபாலும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி இப்போது மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பொருள் என்பது தெரிய வேண்டும். ஸ்டீராய்டு ஊசியையும் இதையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிற அம்மாக்கள் நம் பக்கம் நிறைய. கிரியேட்டின் நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள். கல்லீரலும் சிறுநீரகமும் கணையமும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிராம் செய்கின்றன. கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அதிலிருந்தும் கொஞ்சம் சேரும். 1832இல் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்து, கறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். உடம்பில் இருப்பதில் நூற்றுக்கு 95 பங்கு தசையில்தான் இருக்கிறது.

அங்கே அது செய்கிற வேலையைத் தோட்டத்தை வைத்துச் சொன்னால் நம் ஊரில் எல்லாருக்கும் புரியும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், மோட்டார் போட்டு மேலே ஏறி வாய்க்காலுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பக்கத்தில் ஒரு தொட்டி நிறைந்திருந்தால் மடையைத் திறந்த கையோடு தண்ணீர் ஓடும். சோறு, கொழுப்பு, மூச்சுக்காற்று இவற்றிலிருந்து வரும் சக்தி கிணற்றுத் தண்ணீர். தசைக்குள் பாஸ்பேட்டோடு சேர்ந்து நிற்கும் கிரியேட்டின் தொட்டித் தண்ணீர். முழு மூச்சோடு பாய்கிற முதல் பத்து விநாடிக்குள் அந்தத் தொட்டி பெரும்பாலும் காலியாகிவிடும். அப்புறம் ஓய்வில் மறுபடி நிறையும். தூளாகச் சாப்பிடும் கிரியேட்டின் இந்தத் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குகிறது. தசையில் இருப்பு 20 முதல் 40 சதவீதம் வரை கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கபடிக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். ஒரு ரைடு 30 விநாடிதான். அதிலும் உயிரைக் கொடுத்துப் பாய்வது, கோட்டைத் தொடக் கையை நீட்டுவது, ஓரத்தில் நின்று தடுக்கிற கார்னர்காரன் காலைப் பிடிக்கும்போது உதறுவது எல்லாம் மூன்று நான்கு விநாடி வேலை. திரும்பி வந்து மூச்சு வாங்கி மறுபடி போக வேண்டும். 20 நிமிடம் இப்படி, 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். வாலிபாலில் ஸ்மாஷுக்கு எம்புவதும் 100 மீட்டர் ஓட்டமும் இதே கணக்குத்தான். மருதமலை அடிவாரத்தில் விடிகாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இது பெரிதாக எதுவும் செய்யாது. ஒன்றரைக் கிலோ கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் இந்தக் காசை நல்ல ஷூவில் போடலாம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். கடையில் இருக்கும் நாலு டப்பாவோடு, கடையில் இல்லாத ஐந்தாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அது சாப்பாடு. "கறியும் முட்டையும் நல்லாத் தின்னா இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதைத்தான் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆட்டுக்கறி, கோழிக்கறி, மீன் எதுவானாலும் பச்சையாக இருக்கும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் இருக்கும். வேகவைக்கும்போது அதிலும் கொஞ்சம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி எடுத்து நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒருவர் பங்கு 125 கிராம். அதில் கிடைப்பது அரைக் கிராம் அளவு. அதுவும் வாரம் ஒரு தடவை. பள்ளிபாளையம் சிக்கன் தட்டை ஒரே ஆள் காலி செய்தாலும் ஒரு கிராம் தேறுவது கஷ்டம். பவானிசாகர் அணை மீனும் அப்படியே. பாலில் லிட்டருக்கு 0.1 கிராம்தான். முட்டையில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கொள்ளு, ராகிக்களி, கம்பங்கூழ், பருப்பு இவற்றில் கிரியேட்டின் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆக, தூளில் ஒரு நாளைக்கு வருகிற 3 கிராமைச் சாப்பாட்டில் பிடிக்க வேண்டுமானால் தினமும் முக்கால் கிலோ, ஒரு கிலோ கறி தின்ன வேண்டும். எந்தக் குடும்பத்துக்கும் அது கட்டாது, எந்த வயிற்றுக்கும் ஆகாது.

அதற்காகச் சாப்பாடு தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மருமகன் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டான் என்று எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். காலையில் நாலு இட்லி. மதியம் கல்லூரியில் தக்காளிச் சாதம். சாயங்காலம் பயிற்சிக்கு முன் டீயும் ரெண்டு வடையும். ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம், தயிர். கூட்டிப் பார்த்தால் புரதம் 45 கிராமுக்கு மேல் வரவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கு எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை வேண்டும். அவனுக்குக் குறைந்தது 83 கிராம். பாதியில் ஓடிக்கொண்டிருக்கிற பையன் கிரியேட்டின் டப்பாவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். கிரியேட்டின் தானாகத் தசையை வளர்க்காது. பயிற்சியில் இரண்டு முறை கூடுதலாகப் பாய வைக்கும், ஒரு முறை கூடுதலாக எடையைத் தூக்க வைக்கும். அந்தக் கூடுதல் உழைப்பைத் தசையாக மாற்றப் புரதமும் தூக்கமும் வேண்டும். நாமக்கல் முட்டை ஊரெல்லாம் கிடைக்கிறது. தினமும் நாலு முட்டை சேர்த்தால் 24 கிராம் புரதம். வீட்டு எருமைப்பாலும் மதியம் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்தால் மிச்சமும் நிரம்பிவிடும்.

என் கணிப்பில் சாப்பாடும் டப்பாவும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது. கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு முட்டைத் தட்டு வாங்குங்கள்.

வீட்டில் முழுச் சைவம் என்றால் கதை கொஞ்சம் மாறும். கறி மீன் தொடாதவர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு பொதுவாகக் குறைவு. அதனால் தூள் எடுத்தால் அவர்களுக்கு ஏறுவது அதிகம். கறியால் ஏற்கனவே தொட்டி நிறைந்திருப்பவர்களில் சிலருக்கு எவ்வளவு எடுத்தாலும் வித்தியாசமே தெரியாது. எங்கள் அணியில் கவர் ஆடுகிற ஒரு பையன் முட்டைகூடச் சாப்பிடாத வீடு. "கறியில இருந்து எடுக்கறதுன்னு சொல்றாங்களே, நான் எப்படிங்க சாப்பிடறது?" என்று தயங்கினான். இன்றைக்குக் கடையில் விற்கும் தூள் தொழிற்சாலையில் வேதிப்பொருள்களைச் சேர்த்துச் செய்வது. கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேப்சூலாக வாங்கினால் மட்டும் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். டப்பாவில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இனி டப்பாக்கள். இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆய்வுகளில் பெரும்பாலானவை வெறும் மோனோஹைட்ரேட்டை வைத்துச் செய்தவை. 1992இல் ராஜர் ஹாரிஸ் குழுவினர் தசையில் இருப்பு ஏறுவதை முதன்முதலில் அளந்து காட்டியதும் இதை வைத்துத்தான். 2017இல் சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் வெளியிட்ட நிலைப்பாட்டிலும், வேகமும் பலமும் வேண்டிய பயிற்சிக்குக் கிடைக்கிற துணை உணவுகளில் மிகவும் பலன் தருவது என்று சொன்னது மோனோஹைட்ரேட்டைத்தான். ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் சீக்கிரம் கரையும், அது உண்மை. சிலருக்கு வயிற்றில் லேசாக இருக்கலாம். ஆனால் தசையில் அதிகம் ஏறுகிறது என்று நிரூபணம் இல்லை, விலை மட்டும் ஏறுகிறது. எத்தில் எஸ்டர் என்ற வகையைச் சோதித்தபோது அது மோனோஹைட்ரேட்டைவிட மோசமாக நின்றது. பெரும்பகுதி கழிவுப்பொருளாக மாறிப்போனது. காரத்தன்மை சேர்த்த வகையும் ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. தண்ணீரில் கலந்தே விற்கும் திரவக் கிரியேட்டின் பக்கமே போக வேண்டாம். தண்ணீரில் கிடந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். ஜெல்லி மிட்டாயில் 3 கிராம் சேர எத்தனை மிட்டாய் தின்ன வேண்டும், அதோடு எவ்வளவு சர்க்கரை உள்ளே போகும் என்று டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஆசை அடங்கிவிடும்.

பிரீ ஒர்க்அவுட் கலவையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மருமகனுக்கு அதன் மேல்தான் கண். குடித்தால் காது சூடாகும், கை குறுகுறுக்கும், வெறி வரும் என்று கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறுகுறுப்புக்கும் கிரியேட்டினுக்கும் சம்பந்தமே இல்லை. குறுகுறுப்பு பீட்டா அலனைன் என்று கலவையில் சேர்க்கிற வேறொரு பொருள் தருவது, வெறி காபியில் இருக்கிற அதே காஃபீன் தருவது. பல கலவைகளில் எதை எத்தனை கிராம் போட்டிருக்கிறார்கள் என்றே எழுதுவதில்லை, மொத்தமாக ஒரு எடை மட்டும் போடுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு விழித்துக் கிடந்தால் மறுநாள் பயிற்சியும் போச்சு. இதைவிடப் பெரிய ஆபத்து தடை செய்யப்பட்ட ஊக்கப்பொருள். மெத்தில்ஹெக்ஸனமைன் இப்படிப்பட்ட தூள்களில் கலந்திருந்து, உலகம் முழுக்கப் பல வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியிருக்கிறார்கள். கிரியேட்டின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் தூளில் வேறு ஏதாவது கலந்திருந்தால், "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் அவர்கள் விதி. மாநில அணித் தேர்வு வரை போகிற ஆசை இருக்கிற பையன், கலவை டப்பாவைத் தொடவே கூடாது.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்கச் சொல்வேன். பொருள் பட்டியலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அதை அவர்களுடைய இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். முடிந்தால் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற வெளிச் சோதனை முத்திரை. சில டப்பாவில் கிரியாப்யூர் என்று போட்டிருக்கும், அது ஜெர்மனியில் செய்கிற சுத்தமான மோனோஹைட்ரேட். நல்லதுதான், ஆனால் கட்டாயம் இல்லை. மைக்ரோனைஸ்டு என்றால் இன்னும் பொடியாக அரைத்தது, டம்ளர் அடியில் மணல் மாதிரி நிற்காது. விலை பத்து இருபது வித்தியாசம் என்றால் அதை வாங்கலாம்.

விலையை டப்பாவுக்குப் பார்க்காதீர்கள், கிராமுக்குப் பாருங்கள். 250 கிராம் டப்பா 900 ரூபாய் என்றால் கிராம் 3 ரூபாய் 60 பைசா. தினமும் 3 கிராம் என்றால் 10 ரூபாய் 80 பைசா, 83 நாளைக்கு வரும்.

அதிலும் ஒரு விஷயம். உள்ளே கிடக்கிற கரண்டியை நம்ப வேண்டாம். நகைக்கடை வைத்திருக்கிற நண்பரின் தராசில் ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். 5 கிராம் கரண்டி என்று எழுதியிருந்தது. கத்தியால் தட்டி மட்டமாக்கி எடுத்தால் நாலரையைச் சுற்றி நின்றது. பையன்கள் வழக்கமாக எடுக்கிற மாதிரி குவித்து எடுத்தால் 7ஐத் தாண்டியது. வெள்ளை வெளேரென்ற தூள், கோலமாவு மாதிரி விரலில் ஒட்டுகிறது, நாக்கில் வைத்தால் லேசான கசப்பு, வாசனை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கலக்கினால் கரையும். அடியில் நிற்பதை இன்னொரு வாய் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடிக்க வேண்டும். கலக்கி வைத்துவிட்டு மறுநாள் குடிப்பது கூடாது.

இப்போது நிஜமான கேள்வி. எந்த டப்பா என்பதைவிட இதுதான் கபடிக்காரருக்கு முக்கியம். வேகமாக நிரப்புவதா, மெதுவாக நிரப்புவதா?

லோடிங் என்று ஒரு முறை உண்டு. ஒரு நாளைக்கு 20 கிராம், நாலு வேளையாக, 5 முதல் 7 நாள். அப்புறம் தினமும் 3 முதல் 5 கிராம். ஒரே வாரத்தில் தொட்டி நிரம்பிவிடும். இன்னொரு முறை, முதல் நாளிலிருந்தே தினமும் 3 கிராம். ஏறக்குறைய 28 நாளில் அதே அளவுக்கு வந்துவிடும் என்று 1996இலேயே காட்டிவிட்டார்கள். சேருகிற இடம் ஒன்று, நாள்தான் வித்தியாசம்.

ஆனால் லோடிங்கில் ஒரு வாரத்தில் 1 முதல் 2 கிலோ எடை ஏறும். கொழுப்பு இல்லை, தசைக்குள் போகிற தண்ணீர். ஜிம் பையனுக்கு அது சந்தோஷம். எடைப் பிரிவில் ஆடுகிறவனுக்கு அது வினை.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அணியின் இடது கார்னர் யாரிடமும் சொல்லாமல் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது லோடிங் செய்தான். காலையில் எடை போட்டபோது முள் 61.1இல் நின்றது. சட்டை, பனியன் எல்லாம் கழற்றியும் 60.8. மதியத்துக்குள் திரும்பி வரலாம் என்றார்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினான், வாய் கொப்பளித்துத் துப்பினானே தவிர ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே விடவில்லை. 59.9க்கு வந்து எடையில் தேறினான். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஆடுசதையும் கல்லாக இறுகிக் கிடந்தன. கீழே உட்கார்ந்து அவன் பாதத்தை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தபோது, இதை இவனுக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுக்காமல் விட்டது நான்தானே என்று மனசு கிடந்து தவித்தது.

கிரியேட்டின் தசைப்பிடிப்பைத் தருகிறது என்று அதற்குப் பிறகு ஊரில் பேச்சு. அது சரியில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிற வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் கிரியேட்டின் எடுத்தவர்களுக்குப் பிடிப்பு அதிகம் வரவில்லை. அவனைக் கீழே தள்ளியது தண்ணீரில்லாத அந்த நாலு மணி நேரம். ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்குக் காரணம் தவறான வாரத்தில் செய்த லோடிங். மெதுவாக எடுத்தாலும் கொஞ்சம் எடை ஏறலாம். எல்லைக்கு ஒரு கிலோ கூட இடைவெளி இல்லாதவர்கள் எடைப் போட்டிக் காலத்தில் எதையுமே தொடங்கக் கூடாது.

லோடிங்குக்கு இன்னொரு தொல்லை வயிறு. ஒரே வேளையில் 10 கிராம் போட்டால் பலருக்கு வயிறு போகும். எடைக் கட்டுப்பாடு இல்லாத வாலிபால்காரர், ஓட்டக்காரர், அவசரமாக ஒரு வாரத்தில் போட்டி என்றால் லோடிங் செய்யலாம், சாப்பாட்டோடு பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் 3 கிராம் வழியே நிம்மதி. காலையா மாலையா என்பது பெரிய விஷயமில்லை. சோறு சாப்பிட்ட கையோடு எடுத்தால் உறிஞ்சுவது கொஞ்சம் கூடும். நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

சிறுநீரகம் கெடுமா என்பது அக்கா கேட்ட கேள்வி. ஆரோக்கியமானவர்களிடம் இந்த அளவில் கெடுதல் தெரியவில்லை. குழப்பம் வருவது பெயரில். கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. தசையில் இருக்கிற கிரியேட்டின் கழிவாகும்போது கிரியேட்டினின் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் அதை வைத்துத்தான் சிறுநீரகத்தைக் கணிக்கிறார்கள். தூள் எடுக்கிறவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். எங்கள் பையன் ஒருவன் மில் வேலைக்கு மருத்துவச் சோதனைக்குப் போய், அந்த எண் 1.4 என்று கொஞ்சம் கூடுதலாக வந்ததில் வீடே இரண்டு நாள் சோறு தின்னவில்லை. டாக்டரிடம் தூள் எடுப்பதைச் சொன்ன பிறகு, சிஸ்டாட்டின் சி என்ற வேறு சோதனை எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஆகவே தொடங்கும் முன் ஒரு தடவை ரத்தம் பார்த்து எண்ணை எழுதி வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் தூள் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முடி கொட்டும் என்ற பயம் 2009இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் ஒரு ஹார்மோன் ஏறியதைத்தான் அளந்தார்கள், முடியை யாரும் எண்ணவில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் தருவதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அந்த வயதில் வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த வயதில் வளர்வதற்குச் சாப்பாடும் பயிற்சியும் தூக்கமும் கொடுக்காத எதையும் டப்பா கொடுத்துவிடப் போவதில்லை.

மருமகனிடம் வருவோம். அன்றைக்கு அவனுக்கு இன்னும் மூன்று வாரத்தில் 60 கிலோ போட்டி. அப்புறம் தைப் பொங்கலுக்கு எடைக் கட்டுப்பாடு இல்லாத ஊர்ப் போட்டி. 600 கிராம்தான் இடைவெளி என்பதால், எடைப் போட்டி முடிகிற வரைக்கும் டப்பா கிடையாது, தினமும் நாலு முட்டை, ராத்திரி பத்து மணிக்குப் போனை என் அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும் என்றேன். போட்டி முடிந்த மறுநாள், கார்த்திகைக் கடைசியில், வெறும் மோனோஹைட்ரேட் 3 கிராம் தொடங்கலாம். தை பிறக்கும்போது தொட்டி நிறைந்திருக்கும். அடுத்த எடைப் போட்டிக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் 65 கிலோவுக்குப் போகத் தயாராக வேண்டும்.

"அப்ப இன்னைக்கு ஆர்டர் போட வேண்டாமுங்களா?"

"வேண்டாங்கண்ணு."

முகம் சுருங்கித்தான் போனது. சமையலறையில் இருந்த சின்ன டிஜிட்டல் தராசை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பையில் வைத்துக்கொண்டவன், போகும்போது முட்டை ஒரு தட்டு இப்போது என்ன விலை என்று அவன் அத்தையிடம் கேட்டுக்கொண்டு இறங்கினான்.